விழுந்ததனால் மட்டுமா முறிந்தது?
நடுவயது, முதுவயது மகளிரின் எலும்பு நலம்

(விழாவின் மகளிர் அரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சர்க்கரை நோயைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் நீங்கள் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எலும்பு முறிவைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நம் குடும்பங்களில் அது ஒரு நோயின் விளைவாகவே எண்ணப்படுவதில்லை என்பதுதான் அதற்குக் காரணம். "குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். பழியை ஈரத்தரையின்மேல் போடுகிறோம். அல்லது போதாத காலம் என்று ஆறுதல் கொள்கிறோம்.

ஆனால் சிந்தித்துப் பாருங்கள். அதே தரையில் பத்து வயதுப் பேத்தியும் வழுக்கி விழுகிறாள், எழுந்து ஓடிவிடுகிறாள். அறுபத்தைந்து வயதுப் பாட்டி விழுந்தால் மட்டும் எலும்பு ஏன் முறிகிறது? விழுவது ஒரு நொடியில் நடந்து முடிகிறது. அந்த நொடிக்கான ஆயத்தமோ இருபது, முப்பது ஆண்டுகளாக உடலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நடந்துவந்திருக்கிறது. அந்த ஆயத்தத்தின் அடையாளங்களுள் பலவற்றைக் கருவி ஏதுமின்றி, நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே எண்ணிவிடலாம். எண்ணத் தெரிந்தால் தடுக்கவும் வழி பிறக்கும். இன்றைய என் பேச்சின் சாரம் இவ்வளவுதான்.

எலும்பின் வரவு செலவு

எலும்பைக் கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் என்று நினைக்கிறோம். அது அப்படியன்று. அதனுள் இருவகை உயிரணுக்கள் இரவும் பகலும் வேலை செய்கின்றன. ஒருவகை பழைய எலும்பை அரித்து எடுக்கிறது; மற்றொரு வகை அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகிறது. இளமையில் கட்டும் வேலை விஞ்சி நிற்கிறது. ஏறத்தாழ முப்பது வயதளவில் எலும்பின் இருப்பு உச்சத்தை அடைகிறது. அதன்பின் சேமிப்பு பெரிதாக வளர்வதில்லை. இருப்பதைக் காப்பதே நம் வேலை.

பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு, எலும்பை அரிக்கும் அணுக்களைக் கட்டுப்படுத்தி வைக்கிறது. மாதவிடாய் நின்றதும் அச்சுரப்பு குறைந்துவிடுகிறது. காவலர் விலகிய களஞ்சியம் போல் எலும்பின் இருப்பு வேகமாகக் கரையத் தொடங்குகிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் பத்து விழுக்காடு வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் எலும்பு குறைந்துவிடக்கூடும். வலி இல்லை; காய்ச்சல் இல்லை; வெளியே எந்த அறிகுறியும் இல்லை. இந்நிலை முற்றும்போது அதனை எலும்புப்புரை என்கிறோம்.

இவ்வாறு நலிந்த எலும்பு பெரும்பாலும் மூன்று இடங்களில் முறிகிறது. ஐம்பதுகளில் விழுபவர் கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறிகிறது. அறுபது, எழுபதுகளில் முதுகெலும்பின் கட்டைகள் நசுங்குகின்றன. அதற்கும் பின்னர், கையை ஊன்றும் விரைவுகூட இல்லாமல் பக்கவாட்டில் விழும்போது இடுப்பு முறிகிறது. இம்மூன்றினுள் இடுப்பு முறிவே கொடியது. பல நாட்டு ஆய்வுகளின்படி, இடுப்பு முறிந்த முதியோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களிலும் பலர், முன்பு போல் துணையின்றி நடக்கும் நிலைக்குத் திரும்புவதில்லை. இதனைச் சிறு விபத்து என்று ஒதுக்கலாகாது.

ஓர் எண் மட்டும் போதாது

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா என்னும் கதிர்ப்படச் சோதனை உண்டு. 1994ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தது. இளம்பெண்ணின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிட்டு ‘டி மதிப்பு’ என்ற எண்ணைத் தருவார்கள். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் இருந்தால் எலும்புக் குறைவு. பயனுள்ள சோதனைதான். ஆனால் "எனக்கு மைனஸ் 2தான் வந்திருக்கிறது, கவலையில்லை" என்று இருந்துவிடக் கூடாது. முறிவு காணும் பெண்களில் பெரும்பாலோர் எலும்புப்புரை எல்லைக்குள் வராதவர்களே. அந்த இடைநிலையில் இருப்போரின் தொகை மிகப் பெரிது என்பதே இதற்குக் காரணம்.

அப்படியானால் அடர்த்தியைத் தவிர வேறு எவற்றைப் பார்க்க வேண்டும்? இதற்கு விடை தந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. ஸ்டீவன் கம்மிங்ஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆன 9,516 வெள்ளையினப் பெண்களைச் சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தனர். அக்காலத்தில் 192 பேருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. முறிந்தவர்களிடமும் முறியாதவர்களிடமும் என்ன வேறுபாடு என்று தேடினார்கள்.

கிடைத்த பட்டியலைக் கேளுங்கள். தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்திருத்தல், ஐம்பது வயதுக்குப் பின் தமக்கே ஏதேனும் ஓர் எலும்பு முறிந்திருத்தல், நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்திற்கு மேல் காலில் நிற்காதிருத்தல், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ இயலாமை, பள்ளம் மேடு தெரியாத மங்கிய பார்வை, முன்பு தைராய்டு மிகையாகச் சுரந்திருத்தல், நெடுநேரம் செயல்படும் தூக்க மாத்திரைகள், வலிப்பு மருந்துகள், மிகுதியான காப்பி, "என் உடல்நிலை சுமார்தான்" என்று தாமே கருதுதல். இவற்றுள் கருவி கொண்டு அளக்க வேண்டியவை எத்தனை? மிகச் சிலவே.

அடுத்த செய்தி இன்னும் முக்கியமானது. இத்தகைய காரணங்களில் இரண்டோ அதற்குக் குறைவாகவோ உடையவர்களுள், ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே இடுப்பு முறிந்தது. ஐந்தும் அதற்கு மேலும் உடையவர்களுள் ஆயிரத்தில் 19 பேருக்கு முறிந்தது. அவ்வாறு ஐந்தோ அதற்கு மேலோ காரணங்களோடு எலும்பு அடர்த்தியும் தாழ்ந்திருந்தவர்களுள் அது 27 ஆயிற்று. ஒரு காரணம் தனித்து வந்தால் பெரிதாகத் தீங்கு செய்யாது. பல காரணங்கள் ஒன்றுகூடும்போதுதான் எலும்பு முறிகிறது. ஆகவே, கூட்டத்திலிருந்து இரண்டு மூன்று காரணங்களை நீக்கிவிட்டாலே நிலைமை மாறும். இது அச்சமூட்டும் செய்தியன்று, நம்பிக்கை தரும் செய்தி.

நீரிழிவையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும். சுவீடன் நாட்டு மால்மோ நகரில் நடுவயதினர் 33,000க்கு மேற்பட்டோரைப் பரிசோதித்துப் பல ஆண்டுகள் கவனித்தபோது, நீரிழிவு உள்ள பெண்களுக்கு இடுப்பு முறிவு கணிசமாக மிகுந்திருந்தது தெரிந்தது. நடுவயதில் வரும் நீரிழிவில் எலும்பின் அடர்த்தி பார்வைக்குக் குறையாது, தரமோ குறைந்திருக்கும். கால் மரத்துப்போதல், கண் மங்குதல், சர்க்கரை திடீரெனத் தாழ்தல் ஆகியவை விழுவதற்கும் வழி செய்கின்றன. சர்க்கரை நோய் பரவியுள்ள நம் மண்ணில் இதனை மறக்கலாகாது.

முதல் முறிவு ஒரு முன்னறிவிப்பு

ஐம்பத்தாறு வயது அம்மையார் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலில் கோலமிட்டு எழும்போது தடுமாறி, கையை ஊன்றுகிறார், மணிக்கட்டு முறிகிறது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் வீட்டார் நிம்மதியடைகிறார்கள். எவரும் அதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஓர் எலும்பு முறிந்தவருக்கு, மீண்டும் முறியும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அதிலும் முதல் இரண்டு ஆண்டுகள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காலம். மாவுக்கட்டுப் பிரிக்கும் நாளிலேயே "எலும்பின் வலிமையையும் பார்த்துவிடலாமா, டாக்டர்?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய இடுப்பு முறிவைத் தடுக்கக்கூடும்.

முதுகெலும்பு முறிவோ சொல்லாமலே வரும். பெரும்பாலானவை முறிவு என்று அறியப்படுவதே இல்லை. வாயுப்பிடிப்பு, முதுகுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து ஓய்கிறோம். இதற்கு வீட்டிலேயே ஓர் அளவு உண்டு. இளமையில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தால், அல்லது முதுகு வளைந்து சேலைக் கொசுவம் முன்பைவிடத் தரையில் புரளத் தொடங்கியிருந்தால், முதுகெலும்பை ஒருமுறை படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைக்கிறோமே, அருகில் பாட்டியின் உயரத்தையும் ஆண்டுக்கொரு முறை குறித்து வையுங்கள்.

மாதவிடாய் எப்போது நின்றது என்பதும் முக்கியம். நாற்பத்தைந்து வயதுக்கு முன் நின்றவர்களுக்கு எலும்புத் தேய்வு முன்னரே தொடங்கிவிடுகிறது. இளவயதில் கருப்பையுடன் இரு சினைப்பைகளையும் அறுவை செய்து நீக்கியவர்களும் இதே நிலையினரே. அறுவை நடந்தது தெரியும். எதை எதை எடுத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பழைய மருத்துவச் சீட்டைத் தேடிப் பாருங்கள். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் மூன்று மாதத்திற்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை உண்டவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், தைராய்டு மாத்திரையைத் தேவைக்கு மேல் உண்பவர்கள் ஆகியோரும் மருத்துவரிடம் எலும்பைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலி மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நம் உணவும் நோன்பும்

இனி, இவ்வரங்கில் மறைக்காமல் சொல்லியாக வேண்டிய ஒன்று. பிரிட்டனில் ஏறத்தாழ 55,000 பேரைப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. புலால் உண்பவர்களைவிட மரக்கறி உணவினருக்கு இடுப்பு முறிவு நான்கில் ஒரு பங்கு மிகுதியாக இருந்தது. பாலையும் விலக்கியவர்களுக்கு அது இரு மடங்குக்கும் மேல். 2022இல் வெளிவந்த, 26,000க்கு மேற்பட்ட பிரிட்டன் பெண்களைப் பற்றிய ஆய்விலும் மரக்கறி உணவினருக்கு மூன்றில் ஒரு பங்கு மிகுதி.

இதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். நம் உணவு நெறியைக் கைவிட வேண்டும் என்பதும் இதன் பொருளன்று. அந்நாட்டு மரக்கறி உணவினர் சராசரியாக மெலிந்தவர்கள். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாதவர்களும் அவர்களுள் இருந்தனர். இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை இக்குறைகள் விளக்குகின்றன. உயிருக்கு ஊறு செய்யாத உணவை நாம் தெரிந்துகொண்டு ஏற்றிருக்கிறோம். அவ்வுணவில் எலும்புக்கு வேண்டியவற்றை நிரப்புவதும் தெரிந்து செய்ய வேண்டிய கடமையே. கிழங்குகளை விலக்குவதால் எலும்புக்கு இழப்பில்லை. அவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக இல்லை. இழப்பு வருவது வேறிடத்தில். எல்லார்க்கும் பரிமாறிவிட்டு, எஞ்சிய சோற்றை இரசம் ஊற்றி உண்டு எழுகிறாரே இல்லத்தரசி, அங்கேதான் இழப்பு.

வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 200 மில்லிலிட்டர் கொண்ட ஒரு தம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. இரு தம்ளர் பாலும், அன்று தோய்த்த ஒரு கிண்ணம் தயிரும் பாதிக்கு மேல் நிறைவு செய்துவிடும். 50 கிராம் கேழ்வரகு மாவில் 170 மில்லிகிராம் அளவு உண்டு. தோல் நீக்காத எள் 10 கிராமில் 100 மில்லிகிராமுக்கு மேல். முருங்கைக்கீரை 100 கிராமில் 300 மில்லிகிராம் அளவு. அகத்திக்கீரையில் அதைவிடவும் மிகுதி. பசலை வகைக் கீரைகளில் சத்து இருந்தாலும் அவற்றிலுள்ள ஒரு புளிப்புப் பொருள் அதை உடல் ஏற்காமல் தடுக்கிறது. மழைக்காலத்திலும் திதி நாள்களிலும் கீரையை விலக்குவோர், அந்நாள்களில் பாலையும் கேழ்வரகையும் எள்ளையும் கூட்டிக்கொள்ளலாம்.

சுண்ணாம்புச் சத்து செங்கல் என்றால் புரதமே சட்டகம். தசைக்கும் அதுவே உணவு. முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்னும் அளவில் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, பால், தயிர், பனீர் ஆகியவற்றைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் பிரித்து உண்ண வேண்டும். சூரியன் மறையுமுன் உணவை முடிப்பவர்கள் மாலை உணவை வெறும் சிற்றுண்டியாகச் சுருக்கிவிடக் கூடாது. அடுத்த உணவுக்குப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் இருக்கிறது. பாலையும் குறைத்துக்கொண்டவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்ப்பது நல்லது. அது குறைந்தால் கால் மரத்து, நடை தடுமாறும்.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். உடல்நலம் உள்ளவர்க்கு ஒரு நாள் உண்ணாநோன்பால் எலும்பு தேய்ந்துவிடாது. ஆபத்து வேறு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வழக்கமான அளவை எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். இரத்த அழுத்த மாத்திரை உண்டு, நீரும் அருந்தாதிருப்பவர் எழும்போது தலைசுற்றி விழுவார். நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் மாத்திரை அளவையும் நேரத்தையும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அடிக்கடி நெடுநோன்பு இருந்து எடை குறைந்துகொண்டே வருபவரை வீட்டார் கவனிக்க வேண்டும். மெலிந்த உடலில் எலும்பும் மெலியும். விழும்போது இடுப்பைத் தாங்கும் சதையும் இராது.

வெயிலும் மாத்திரையும்

உண்ட சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதனைத் தோல் வெயிலில் உருவாக்கிக்கொள்கிறது. இவ்வளவு வெயில் காயும் நாட்டில் குறைபாடா என்று கேட்பீர்கள். சமையலறையிலும் அலுவலகத்திலும் இருப்பவர்மேல் வெயில் படுவதில்லை. கருமை கலந்த நம் தோலுக்குக் கூடுதல் நேரமும் தேவை. இளங்காலை வெயிலில் இதற்குரிய கதிர் மிகக் குறைவு. கண்ணாடிச் சன்னல் அதனைத் தடுத்துவிடும். முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில், கையும் முகமும் படும்படி இருபது முப்பது நிமிடம் இருந்தால் பயன் உண்டு. வடகம் காய வைக்கும் நேரத்தை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரைகளைப் பற்றி நம் தாய்மார்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. அதனை வெளிப்படையாகப் பேசுவோம். கடையில் விற்கும் கால்சியம் மாத்திரைகளுள் சில சிப்பி ஓட்டிலிருந்து செய்யப்படுபவை. வைட்டமின் டி அடைத்த மென்குமிழ்களின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுத்த ஜெலட்டின். டி3 வகை பொதுவாக ஆட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து கிடைப்பது. இதைக் கேள்விப்பட்டதும் சிலர் எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரோ அவர் தவறாமல் உண்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார். இவ்வாறு மௌனமாக நிறுத்துவதே பெருந்தீங்கு. கனிமச் சுண்ணாம்பிலிருந்து செய்த மாத்திரைகள் உண்டு. ஜெலட்டின் இல்லாத மாத்திரையும் தூளும் உண்டு. கற்பாசி வகையிலிருந்து எடுத்த டி3யும் உண்டு. "எனக்கு இன்னது ஆகாது" என்று சொல்லுங்கள். மாற்று எழுதித் தருவார்.

அதே வேளையில், மாத்திரை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் உண்டவர்களுக்கு இடுப்பு முறிவு ஐயத்திற்கு இடமின்றிக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. சிறுநீரகக் கல் சற்று மிகுந்தது. உணவில் போதாத அளவை மட்டும் மாத்திரையால் நிரப்புவதே முறை. 60,000 அலகு வைட்டமின் டி வாரம் ஒருமுறைக்கு உரியது. தவறுதலாக நாள்தோறும் உண்டால் நஞ்சாகும்.

வீடும் படிக்கட்டும்

இடுப்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், விழுவதனால் வருபவை. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகிறார். ஆகவே வீட்டைச் சுற்றிப் பாருங்கள். படுக்கையிலிருந்து கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கு இருக்கிறதா? குளியலறையில் பற்றிக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா? வாசலில் கிடக்கும் மிதியடி வழுக்குகிறதா? கண்புரை முற்றும்வரை காத்திருக்கிறோமா? படுக்கையிலிருந்து எழுபவர் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்கலாம்.

ஜினாலயத்திலும் இதே கவனம் வேண்டும். அபிடேகம் முடிந்த கருங்கல் தரையில் நீரும் பாலும் கலந்து வழுக்கும். வெறுங்காலுடன், கையில் தட்டு ஏந்தி, கண்ணை மேலே வைத்து நடக்கிறோம். ஈரத்தை உடனே துடைக்க ஒருவரை நியமிப்பதும், படியோரம் கைப்பிடிக் கம்பி அமைப்பதும் அறக்கட்டளையினர் எளிதில் செய்யக்கூடிய பணிகள். பொன்னூர் மலை, திருமலை போன்ற தலங்களில் படியேறுவது எலும்புக்கு நல்ல பயிற்சிதான். ஏறுவதைவிட இறங்கும்போதே தடுமாற்றம் மிகுதி; இறங்குகையில் துணை வேண்டும்.

எலும்பு, சுமையைத் தாங்கும்போது உறுதி பெறுகிறது. நடப்பதும் படியேறுவதும் நல்லவை. அவற்றோடு தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமருங்கள். நாள்தோறும் கூட்டிக்கொண்டே வாருங்கள். சமையல் மேடையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து நொடி நில்லுங்கள். பிறகு காலை மாற்றுங்கள். குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். முதுகெலும்பு நலிந்தவர்கள் முன்குனிந்து பளுத் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள்

இன்று இல்லம் சென்றதும் தாயிடமோ மாமியாரிடமோ அருகில் அமர்ந்து கேளுங்கள். நாற்பதைக் கடந்த பெண்கள் தம்மையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. ஐம்பது வயதுக்குப் பின், சிறிய வீழ்ச்சியில் எலும்பு முறிந்ததுண்டா?
2. தாய் அல்லது தந்தைக்கு இடுப்பெலும்பு முறிந்ததுண்டா?
3. நாற்பத்தைந்து வயதுக்கு முன் மாதவிடாய் நின்றதா, சினைப்பைகள் நீக்கப்பட்டனவா?
4. உயரம் குறைந்திருக்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா?
5. உடல் மிக மெலிந்திருக்கிறதா, அண்மையில் எடை குறைந்ததா?
6. நீரிழிவு, முடக்குவாதம், தைராய்டு மிகைச்சுரப்பு உண்டா?
7. ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, தூக்க மாத்திரை உண்பதுண்டா?
8. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா?
9. கடந்த ஓராண்டில் விழுந்ததுண்டா? பார்வை தெளிவாக இருக்கிறதா?
10. பாலும் பருப்பும் நாள்தோறும் போதிய அளவு உண்கிறாரா? வெயில் படுகிறதா?

முதல் கேள்விக்கோ நான்காம் கேள்விக்கோ ‘ஆம்’ என்றால், அது ஒன்றே மருத்துவரிடம் செல்லப் போதும். மற்றவற்றுள் இரண்டு மூன்று பாதகமாக இருந்தாலும் செல்லுங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2008இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் என்னும் கணக்குமுறை உண்டு. நாற்பது முதல் தொண்ணூறு வயது வரை உள்ளவர்க்கு அடுத்த பத்து ஆண்டுகளில் முறிவு வரும் வாய்ப்பை அது மதிப்பிடுகிறது. மருத்துவர் அதனையும் டெக்ஸா சோதனையையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வார்.

மருந்து தேவை என்றால் அஞ்ச வேண்டாம். முறிவைக் குறைக்கும் நல்ல மருந்துகள் இன்று உண்டு. வாரம் ஒருமுறை உண்ணும் அலென்ட்ரோனேட் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் நீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஆகவே நீரும் அருந்தாத நோன்பு நாளை இதற்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை நடுவில் நிறுத்தினால் முதுகெலும்பு முறிவுகள் வரக்கூடும்; மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது.

இறுதியாக, இங்கு வந்திருக்கும் ஆடவர்களிடமும் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். இப்பத்துக் கேள்விகளை நம் தாய்மார்கள் தாமாக எழுப்ப மாட்டார்கள். "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார்கள். கேட்க வேண்டியவர்கள் நீங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்த ஆளை அழைக்க வேண்டியவர்களும் நீங்களே. முதல் தம்ளர் பாலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டாவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கும் அவர்கள் தம் காலாலேயே நடந்து வரட்டும்.